லூனாஸ் சடக்கு – 7: சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

சென்ற வாரம் 1938-இல் நின்றோம். ரப்பர் விலை இறங்கியது, தோட்ட முதலாளிகள் கூலியில் கை வைத்தார்கள். உதவிப் பயணத்தில் ஆட்கள் மலாயாவுக்குக் கப்பலேறுவதை இந்திய அரசு அந்த ஆண்டு ஜூனில் தடுத்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து புது ஆட்கள் வருவது நின்றுபோனது.

ஆகவே 1941-இல் லூனாஸ் பக்கத்து லயங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மூன்றாண்டுக்கு மேல் இங்கேயே இருந்தவர்கள். பிள்ளை குட்டி, ஆடு கோழி, முனியாண்டி கோயில் என்று ஊன்றிவிட்டவர்கள். இந்த வாரக் கதை அவர்கள் வாசலைத் தாண்டிப் போன பத்து நாட்களைப் பற்றியது.

இடையில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காக வழியை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். லூனாஸில் நின்றால் மேற்கே புக்கிட் மெர்தாஜாமும் பட்டர்வொர்த்தும். தெற்கே கூலிம். வடக்கே பாடாங் செராய், அதைத் தாண்டி மெர்பாவ் பூலாஸ், பிறகு மூடா ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் கோல கெட்டில். இன்று கெடாவின் மாநிலச் சாலைகளுக்கு ‘கே’ என்ற எழுத்தில் எண் கொடுக்கிறார்கள். பராமரிப்பு ஜே.கே.ஆர். கையில், அதற்கான மானியம் அரசமைப்புச் சட்டத்தின் 109ஆவது பிரிவின்படி கூட்டரசிடமிருந்து. பட்டர்வொர்த்–கூலிம் விரைவுச்சாலை வந்த பிறகு லூனாஸ் என்றால் பலருக்கு ஒரு டோல் சாவடியின் பெயர், அவ்வளவுதான்.

1941-இல் டோலும் இல்லை, எண்ணும் இல்லை. பி.டபிள்யூ.டி. போட்ட தார்ச் சடக்கு. கட்டைக்குக் கட்டை மைல் கல். இரு பக்கமும் பால்மரம். ரயில் பாதை 1915-இல் அலோர் ஸ்டார் வரை போனபோது தாசேக் குளுகோர் வழியாக மேற்கே விலகிப் போய்விட்டதை ஐந்தாம் பகுதியில் பார்த்தோம். அதனால் இந்தப் பக்கத்து ரப்பருக்கு முதலில் மாட்டு வண்டி, பிறகு லாரி. எதுவானாலும் சடக்குதான் கதி.

* * *

கிள்ளானில் ஒரு கோரிக்கை

கெடாவிலிருந்து கொஞ்ச நேரம் சிலாங்கூருக்குப் போய் வர வேண்டும். காரணம் இருக்கிறது.

1941 தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதற்கு முன் நின்றார். கோரிக்கைப் பட்டியல் நீளமானது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். மருந்து மாத்திரை வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். துரைமாரும் தோட்ட அதிகாரிகளும் பெண்களிடம் வரம்பு மீறுவது நிற்க வேண்டும்.

இவற்றுக்கு நடுவே ஒரு கோரிக்கை. துரையோ தோட்ட உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

காசு பணத்தோடு சேர்த்து இதைக் கேட்டிருக்கிறார்களே என்று நினைக்கத் தோன்றும். அந்த நாள் சைக்கிள் என்ன என்பது தெரிந்தால் அப்படித் தோன்றாது.

முப்பதுகளில் ஜப்பான் சைக்கிள் மலாயா முழுவதும் வந்து இறங்கியது. இங்கிலாந்து சைக்கிளைவிட மலிவு. சேர்த்து வைத்த கூலியில் ஒரு தொழிலாளி வாங்கிய முதல் பெரிய சொத்து பல வீடுகளில் அதுதான். பின்னால் கேரியரில் அரிசி மூட்டை, முன் பாரில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் ஒரு பிள்ளை, ஹேண்டிலில் எண்ணெய்ப் புட்டி. சம்பள மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் மனிதன் அவன். எதிரே துரையின் கார் வருகிறது. மூட்டை சாயாமல் ஒரு காலை ஊன்ற வேண்டும். பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டியோடு கானோரம் ஒதுங்கித் தலைத்துண்டை எடுக்க வேண்டும். கார் போன பிறகு புழுதி அடங்கும் வரை நின்று, மறுபடி ஏற வேண்டும். ஏறிப் பத்து முழம் போவதற்குள் கிராணி எதிரே வந்தால் மறுபடி இறக்கம்.

கிள்ளான் போராட்டத்துக்கு அரசாங்கம் கொடுத்த பதில் வேறு வகை. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். கலவரம் பரவியதும் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐந்து பேர் செத்தார்கள்.

அந்த ரத்தம் காய்ந்து ஏழு மாதம் ஆவதற்குள், சைக்கிளை விட்டு யாருக்காகவும் இறங்காத ஒரு கூட்டம் வடக்கிலிருந்து வந்தது.

* * *

நல்ல சடக்கின் ஆபத்து

மலாயாவின் வடபகுதி காடு, சேறு, ஆறு. எந்தப் படையாலும் விரைவாகக் கடக்க முடியாது. இப்படியொரு நம்பிக்கை சிங்கப்பூரில் இருந்த அதிகாரிகளுக்கு இருந்தது. வரைபடத்தில் பச்சை நிறத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பச்சையில் பெரும்பகுதி ரப்பர் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

காட்டில் வழி இருக்காது. தோட்டத்தில் வழியைத் தவிர வேறு என்ன இருக்கிறது? நிரை நிரையாக நட்ட மரம், நிரைகளுக்கு நடுவே பால்வெட்டுக்காரன் கால் பட்டுக் கெட்டித்த ஒற்றையடிப் பாதை, அது போய்ச் சேரும் தோட்டத்து மண்சடக்கு, மண்சடக்கு ஏறும் பி.டபிள்யூ.டி. தார்ச் சடக்கு. மேலே இலைக்கூரை வேறு. விமானத்திலிருந்து பார்த்தால் கீழே ஒரு பட்டாளமே போனாலும் தெரியாது.

இதைப் போட்டுக் கொடுத்தவர்கள் யார் என்பதை நான்காம் பகுதியில் விரிவாகச் சொன்னேன். செம்மண் கொட்டி, மேலே கையால் உடைத்த கருங்கல் பரப்பி, ரோலர் ஓட்டி, லாரிகள் பெருகியதும் அதன்மேல் தார் ஊற்றினார்கள். கல் உடைத்ததும் சுமந்ததும் பெரும்பாலும் நம் ஆட்கள், அவர்களில் பெண்களும் உண்டு. கான் வெட்டிச் சுத்தமாக வைத்திருப்பதற்கென்றே ரோட்டோரக் கொட்டகைகளில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. மழை எவ்வளவு அடித்தாலும் லாரி நிற்கக்கூடாது, ரப்பர் ஷீட்டு துறைமுகம் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு.

லாரி நிற்காத சடக்கில் சைக்கிளும் நிற்காது. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் தோக்கியோவில் இருந்தார்கள்.

* * *

எட்டு நாள்

1941 டிசம்பர் 8. சயாமின் சிங்கோரா, பட்டாணி, மலாயாவின் கோத்தா பாரு மூன்று இடத்திலும் ஜப்பான் படை கரை இறங்கியது. அன்றே அலோர் ஸ்டார், சுங்கைப்பட்டாணி விமானத் தளங்களில் குண்டு விழுந்தது.

11ஆம் தேதி பினாங்கு ஜார்ஜ் டவுனில் குண்டு. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்ற ஜனங்கள் நின்ற இடத்திலேயே மடிந்தார்கள். தப்பியவர்கள் படகேறி அக்கரைக்கு ஓடினார்கள். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், கூலிம் என்று உள்ளே போகும் சடக்கெல்லாம் மூட்டை முடிச்சோடு மனிதர்கள்.

அதே 11ஆம் தேதி ஜித்ராவில் சண்டை தொடங்கியது. 11ஆவது இந்தியப் படைப்பிரிவு மாதக் கணக்கில் தோண்டி வைத்திருந்த அரண்கள் அங்கே இருந்தன. சில நூறு பேர் கொண்ட ஜப்பானிய முன்னணிப் படை ஒன்று, டாங்கிகளோடு மழையில் நேரே சடக்கிலேயே வந்து மோதியது. மறுநாள் இரவு ஜித்ரா கைவிடப்பட்டது.

13ஆம் தேதி அலோர் ஸ்டார் போனது. 14, 15 தேதிகளில் குரூண். அங்கே ஒரு பிரிகேட் தலைமையகத்தையே ஜப்பானியர் சூறையாடினார்கள்.

ஜித்ராவில் சிதறிய வீரர்களில் பஞ்சாப் படையைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங்கும் ஒருவர். அலோர் ஸ்டாரில் அவர் ஜப்பானிய உளவுப் பிரிவின் மேஜர் புஜிவாராவையும் கியானி பிரீதம் சிங்கையும் சந்தித்தார். இந்திய தேசிய ராணுவத்தின் முதல் விதை கெடா மண்ணில் விழுந்தது அப்படித்தான். நேதாஜி வருவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன். நம் மேடைப் பேச்சுகளில் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் கிடைக்கும் இடம் அலோர் ஸ்டாருக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

* * *

இரண்டு சடக்கு, நடுவே லூனாஸ்

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தெற்குக் கெடாவின் தலைவிதி முடிவானது அடுத்த இரண்டு நாளில்.

ஜப்பானியர் கெடாவுக்குள் வந்தது இரண்டு வழியில். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பெரிய சடக்கு. சிங்கோராவிலிருந்து ஜித்ரா, அலோர் ஸ்டார், குரூண், சுங்கைப்பட்டாணி. மற்றொன்று மலையோர வழி. பட்டாணியில் இறங்கிய 42ஆவது ரெஜிமென்ட், குரோ வழியாக பாலிங் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. குரோ என்பது இன்றைய பெங்காலான் ஹுலு. கத்தரிக்கோலின் இரண்டு தாள் போல இவ்விரண்டு வழியும் தெற்கே வரவரக் கிட்டக் கிட்ட நெருங்கின.

மலையோர வழியில் வருகிறவன் கோல கெட்டிலுக்குக் கீழே பத்து பெக்காக்கா பாலத்தில் மூடா ஆற்றைக் கடந்தால் அடுத்தது மெர்பாவ் பூலாஸ். அங்கிருந்து கூலிமும் லூனாஸும் கைக்கெட்டும் தூரம். லூனாஸிலிருந்து மேற்கே திரும்பினால் புக்கிட் மெர்தாஜாம். அங்கேதான் ரயிலும் பெரிய சடக்கும் தெற்கே போகின்றன. அதை மறித்துவிட்டால் கடலோரமாகப் பின்வாங்கிக்கொண்டிருக்கும் மொத்தப் படையும் பொறிக்குள் மாட்டிக்கொள்ளும்.

கித்தா ஷீட்டு ஏற்றிப் போவதற்காகப் போட்ட சடக்கு, ஒரு படைப்பிரிவின் கழுத்தைச் சுற்றிய சுருக்காக மாறியிருந்தது. 3ஆவது இந்தியப் படையணியின் தளபதி ஹீத்துக்கும், 11ஆவது பிரிவின் தளபதி மரே-லயனுக்கும் இது புரியாமல் இல்லை.

15ஆம் தேதி இரவோடு இரவாகக் குரூணிலிருந்து கிளம்பிய படை, 16ஆம் தேதி மூடா ஆற்றுக்குத் தெற்கே வந்து சேர்ந்தது. ஒரு வாரமாகத் தூங்காத ஆட்கள். பஞ்சாபியர், கூர்க்கர், ஜாட்டுகள், இங்கிலாந்துக்காரர். பத்து பெக்காக்கா பாலத்தைக் காக்கும் பொறுப்பு 5/2 பஞ்சாப் பட்டாளத்திடம் இருந்தது. அங்கேயும் மோதல் வந்தது.

மூடா ஆறு அகலமானது. பாலங்களைத் தகர்த்துவிட்டு அங்கே நின்று போரிடலாம் என்று ஓர் எண்ணம் இருந்தது. பினாங்கைக் காப்பாற்ற வேண்டுமானால் நின்றே ஆக வேண்டும். ஆனால் மலையோரப் பக்கம் நெருக்கிக்கொண்டே வந்தது. குரோவிலிருந்து கிரிக் வழியாக இன்னொரு ஜப்பானியப் படை பேராவுக்குள் இறங்கும் அபாயமும் தெரிந்தது. மூடாவில் நின்றால் முதுகில் அடி விழும். மூடாவும் வேண்டாம், பினாங்கும் வேண்டாம், தெற்கே கிரியான் ஆற்றுக்குப் போங்கள் என்று உத்தரவு பிறந்தது.

போர் நூல்களில் ஜித்ராவுக்குத் தனி அத்தியாயம் உண்டு. மூடா ஆற்றைவிட்டுப் போனதற்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். என் பார்வையில் ஜித்ரா ஒரு தோல்வி, மூடா ஒரு முடிவு. ஜித்ராவில் ஒரு படை அடி வாங்கியது. மூடாவில் ஓர் அரசாங்கம் கெடா ஜனங்களையும் பினாங்கு ஜனங்களையும் கைகழுவியது.

17ஆம் தேதி கூலிம் மாவட்டத்தின் தித்தி காராங்கானில் ஸ்காட்லாந்துக்காரர்களான ஆர்கைல் பட்டாளம் ஒரு பதுங்குச் சண்டை போட்டது. பின்வாங்கும் படைக்கு அவகாசம் வாங்கிக் கொடுப்பது மட்டுமே அதன் நோக்கம். வாங்கிக் கொடுத்துவிட்டு அவர்களும் செலாமா பக்கம் இறங்கிப் போனார்கள்.

மறுநாளோடு கிரியான் ஆற்றுக்கு வடக்கே பிரிட்டிஷ் ஆட்சி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

* * *

துரை இல்லாத தோட்டம்

பினாங்கில் நடந்தது ஓரளவு உலகத்துக்குத் தெரியும். 16ஆம் தேதி இரவு ஐரோப்பியர் மட்டும் ஓசைப்படாமல் படகேறினார்கள். தீவில் மிஞ்சிய ஆசிய மக்களுக்கு அது விடிந்த பிறகுதான் தெரிந்தது. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர் எம். சரவணமுத்து, இலங்கைத் தமிழர். கொடி பறக்கும் வரை குண்டு விழுந்துகொண்டே இருக்கும் என்பது அவர் கணக்கு. ஊரில் ஒழுங்கைக் காக்கக் குழு அமைத்ததும் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும்தான். ஜப்பானியர் தீவுக்குள் கால் வைத்தது 19ஆம் தேதி.

இக்கரைத் தோட்டங்களுக்குச் சரவணமுத்து போல ஒருவர் கிடைக்கவில்லை.

விக்டோரியா, ஹென்ரியெட்டா, வெல்லஸ்லி. இந்தப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் இன்றும் இருக்கும் தோட்டப் பெயர்கள் இவை. மகாராணி பெயர், துரைசானி பெயர், பிரபு பெயர். அந்தப் பெயர்களுக்குரிய வர்க்கம் டிசம்பர் நடுவாக்கில் காரேறிவிட்டது. துரைமாரில் பலர் தொண்டர் படையில் இருந்ததால் சண்டைக்கு அழைக்கப்பட்டார்கள். துரைசானிகளும் பிள்ளைகளும் முன்பே தெற்கே அனுப்பப்பட்டிருந்தார்கள்.

ஒரு தோட்டத்தில் துரை இல்லாமல் போனால் என்னென்ன நின்றுபோகும் என்று பாருங்கள். பெரட்டு நிற்கும். பால் எடுக்கும் ஸ்டோர் நிற்கும். புகைக்கூடு அணையும். அதோடு போனால் பரவாயில்லை. சம்பளம் நிற்கும். தோட்டத்து அரிசி நிற்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து நிற்கும். காலை முதல் இரவு வரை ஒரு குடும்பத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்திருந்த ஏற்பாடு அது. அந்தக் கை திடீரென்று இல்லை.

மிச்சம் இருந்தவர்கள் பெரிய கிராணி, கண்டாக்டர், கங்காணிகள். பங்களா சாவி யாரிடமோ இருந்தது. அரிசி ஸ்டோர் பூட்டை எவனாவது உடைப்பதற்கு முன் நாமே பங்கு பிரித்துவிடலாமா என்ற பேச்சு எழுந்த தோட்டங்கள் உண்டு. பேச்சுக்கே இடமில்லாமல் பூட்டு உடைந்த தோட்டங்களும் உண்டு.

சடக்கில் என்ன நடந்தது? முதலில் தெற்கே போகும் ராணுவ லாரிகள். பிறகு நடந்து போகும் சிப்பாய்கள். இந்தியச் சிப்பாய்தான், ஆனாலும் அவன் பேச்சு லயத்து ஜனங்களுக்கு விளங்காது, லயத்துப் பேச்சு அவனுக்கு விளங்காது. தண்ணீர் கேட்பதற்குப் பாஷை வேண்டியதில்லை. பிறகு லாரியும் இல்லை, ஆளும் இல்லை. நாற்பது ஆண்டாக ஓயாத சடக்கு வெறிச்சென்று கிடந்தது.

யாராவது ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, எந்தத் துரைக்கும் இறங்க வேண்டியதில்லை என்ற நினைப்போடு, கடைத்தெரு வரை போய் வந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் ஆசை. ஆதாரம் கேட்காதீர்கள். ஆசைதான்.

* * *

வந்தவர்கள்

ஜப்பானியப் படை அதிகாரி சுஜி மாசானோபு, போருக்குப் பிறகு எழுதிய நூலில் சைக்கிள்களைப் பற்றி நிறையச் சொல்கிறார். ஒரு டிவிஷனுக்கு ஏறக்குறைய 500 மோட்டார் வண்டி, 6,000 சைக்கிள். தம் பெருமையைக் குறைத்துச் சொல்லும் ஆள் அல்ல அவர். சிங்கப்பூரில் சீனர்களைக் கொன்று குவித்ததில் அவர் பங்கு என்ன என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே அவர் சொல்வதில் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சைக்கிள் விஷயத்தில் எதிர்ப்பக்கத்தார் சொன்னதும் ஒத்துப்போகிறது.

பாலம் தகர்க்கப்பட்டிருக்கிறதா? லாரி நிற்கும், டாங்கி நிற்கும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கிக் கடந்துவிடுவான். பின்னால் வரும் பொறியாளர் படை மரம் வெட்டிப் பாலத்தைச் சரிக்கட்டும். அதற்குள் முன்னால் போனவன் பின்வாங்கும் படையின் முதுகைத் தொட்டிருப்பான். நடந்து ஓடுகிறவனைச் சைக்கிளில் துரத்துகிற சண்டை அது. ஓடுகிறவனுக்குத் தூங்கவே நேரம் கிடைக்கவில்லை.

வெயிலில் காய்ந்த தார்ச் சடக்கில் டயர் வெடிக்கும். ஒட்டுப் போட நேரமில்லாவிட்டால் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். நூற்றுக்கணக்கான இரும்பு ரிம்கள் தாரில் உருளும் கரகரப்பு இரவில் டாங்கி வருவது போலக் கேட்டதாம். எதிரிகள் அந்தச் சத்தத்துக்கே இடத்தைக் காலி செய்தார்கள் என்று சுஜி எழுதுகிறார். கழித்துக்கொள்ள வேண்டிய இடங்களில் இது ஒன்றாக இருக்கலாம்.

கழிக்க முடியாத ஒன்று இருக்கிறது. உதிரிப் பாகம். ஜப்பான் சைக்கிள் முன்பே மலாயா முழுக்க விற்றிருந்ததால் செயின், பெடல், டியூப் எல்லாம் ஒவ்வொரு கடைத்தெருவிலும் கிடைத்தன. கிடைக்காத இடத்தில் உள்ளூர்க்காரன் சைக்கிளைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதான். தொழிலாளி கூலி சேர்த்து வாங்கியதும் அதே நாட்டு வண்டி.

சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் அவர்கள் அலையவில்லை. அலோர் ஸ்டார் விமானத் தளம் எரிபொருளோடும் குண்டுகளோடும் அவர்கள் கையில் விழுந்தது. வழியெல்லாம் கைவிடப்பட்ட டின் உணவு. அதற்கு அவர்கள் சர்ச்சில் பெயரையே வைத்துச் சிரித்தார்கள்.

கல் சடக்கு நம் ஆட்கள் போட்டது. சைக்கிள் அவர்கள் ஊரில் செய்தது. சோறும் பெட்ரோலும் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. ஜித்ராவிலிருந்து கிரியான் வரை ஒரு வாரம்.

* * *

கூத்தின் அடுத்த காட்சி

வந்தவர்கள் லயத்தில் நின்று பேசினார்கள். ஆசியா ஆசியருக்கே. வெள்ளைக்காரன் ஒழிந்தான். இந்தியாவுக்கும் விடுதலை வரப்போகிறது. இந்தியன் என்றால் தொந்தரவு செய்யமாட்டோம். ‘காந்தி’ என்று சொன்னால் விட்டுவிடுவான் என்று ஒரு பேச்சு மலாயா முழுக்கப் பரவியது. இந்திய சுதந்திரக் கழகத்தின் கிளைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. கழுத்துக்கு வந்த கத்தி விலகியது போல ஒரு நிம்மதி.

அந்த நிம்மதிக்கு ஆயுசு குறைவு.

முச்சந்திகளில் துப்பாக்கியில் கத்தி மாட்டிய காவல்காரன் நின்றான். அவனைக் கடக்கிறவர்கள் குனிந்து வணங்க வேண்டும். சைக்கிளில் வந்தால் இறங்கி, வண்டியை நிறுத்தி, இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். குனிவு போதவில்லை என்று பட்டால் கன்னத்தில் அறை. துரைக்கு இறங்கி நின்றால் போதும். இவனுக்கு இறங்கி வளைய வேண்டும். தமிழன், சீனன், மலாய்க்காரன், கிராணி, கூலி என்ற பேதம் மட்டும் அவனிடம் இல்லை. நேற்றுவரை மற்றவர்களைச் சைக்கிளிலிருந்து இறக்கிய பெரிய கிராணியும் இப்போது இறங்கினார்.

கப்பல் இல்லை, ஆகவே ரப்பரை வாங்க ஆள் இல்லை. ரப்பரை வாங்க ஆள் இல்லையென்றால் தோட்டத்தில் வேலை இல்லை. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி குறைந்தது. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு மாதத்துக்கு மாதம் மதிப்பிழந்தது. பால்மர நிரைகளுக்கு நடுவே மரவள்ளி நட்டார்கள். 1942 முழுக்க லயங்களில் கிழங்கு வேகும் வாடைதான்.

வேலையில்லாத, வயிறு காய்ந்த, தோட்டத்தைவிட்டு எங்கும் போக முடியாத ஆயிரமாயிரம் பேர் ஒரே இடத்தில். யாருக்காவது ஆள் வேண்டுமென்றால் தேடி அலைய வேண்டியதில்லை.

ஜப்பானியருக்கு ஆள் தேவைப்பட்டது. சயாமிலிருந்து பர்மாவுக்கு மலையைக் குடைந்து ஒரு ரயில் பாதை. 1942 நடுவில் வேலை தொடங்கியது. கைதிப் பட்டாளம் போதவில்லை. 1943-இல் மலாயாத் தோட்டங்கள் பக்கம் அவர்கள் கண் திரும்பியது. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் தமிழர். நல்ல கூலி, சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றெல்லாம் ஆசை காட்டினார்கள். மசியாத இடத்தில் லாரி மட்டும் வந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது, பல ஆண்டாக என்னைக் குடையும் சிக்கல்.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் இத்தனை பேர் என்று ஜப்பானியன் கணக்குக் கேட்டான். ஆட்களின் முகம் அவனுக்குத் தெரியாது. பெயர் வாயில் நுழையாது. எந்த லயத்தில் எந்த வீட்டில் யார் இருக்கிறார், யாருக்கு எத்தனை ஆண்பிள்ளை, யார் புதுமாப்பிள்ளை, யார் தனிக்கட்டை என்பதெல்லாம் ஒரே ஒரு புத்தகத்தில் இருந்தது. தோட்டத்துச் செக்ரோல். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கோடு போடும் அந்தப் புத்தகம். 1941 டிசம்பரில் காரேறிய துரை பங்களாவை விட்டார், புகைக்கூட்டை விட்டார், செக்ரோலையும் விட்டுவிட்டே போனார்.

பெரட்டு நின்ற தோட்டத்தில் அதைப் பத்திரமாக எடுத்து வைத்தவர் யார்? 1943-இல் லாரி வந்து நின்ற காலையில், எந்தப் பெயருக்குக் கோடு, எந்தப் பெயரைத் தாண்டிப் போவது என்று பென்சிலைக் கையில் பிடித்தவர் யார்?

(அடுத்த வாரம்)